வெறுஞ்சுமைக் கூடம்

இந்தக் கல்லை நான் முன்பே எடுத்திருக்கிறேன்.

பூங்கோதை நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அந்தக் கூடத்தில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு முறம், ஆளுக்கொரு தகரக் குவளை. வரிசை வரிசையாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் விரலில் இருந்தது உளுந்தளவு கருங்கல், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அதைக் குவளையில் போட்டாள். மாலை ஐந்து மணிக்கு மூலையில் இருக்கும் கலப்பி ஓடும். எல்லாக் குவளைகளின் கல்லும் எல்லா முறங்களின் அரிசியும் அதற்குள் போய், மறுநாள் காலை ஒன்றாகவே திரும்பி வரும். அந்த அரிசியை யாரும் ஒருநாளும் உலையில் போட்டதில்லை.

காலை பத்து மணியாகியும் ஓசூரின் மார்கழிப் பனி ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் காதுக்குள் மெல்லிய கீச்சொலி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கூடத்தில் நாள்காட்டி கிடையாது, தேவையும் இல்லை.

மேற்பார்வையாளர் தணிகாசலம் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அங்கே முழு ஆள் அவர் ஒருவர்தான்.

"என்ன மேடம், அரிசியில கல்லா, கல்லுல அரிசியா?"

தினமும் இதே கேள்வி. அவளும் தினமும் சிரித்துவைப்பாள். இன்று அவர் உடனே நகரவில்லை. மகள் வந்திருக்கிறாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மாடியிலிருந்து இன்னொருவரும் வருவதாகச் செய்தி வந்திருக்கிறது என்றார். இன்னொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. மாடியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் பூங்கோதைதான்.

ஒருத்தி ஐந்தாம் மாடியில் கண்ணாடிப் பேழைக்குள் தூங்குகிறாள். அவள்தான் ஊற்று, அம்மா வயிற்றிலிருந்து வந்த உடம்பு அது. அவளிடமிருந்து ஒரே மட்டத்தில் ஓர் ஓட்டம் வருகிறது. பங்கீட்டி என்ற கருவி அதை நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளாக நறுக்கி, கருவகம் என்ற காந்தக் கட்டியின் வழியாகச் செலுத்துகிறது. கருவகத்தின் மேல் மூன்று கம்பிச் சுற்றுகள். மூன்று சுற்றிலிருந்தும் மூன்று ஓட்டங்கள் வெளியே வந்து, செய்து வைத்த மூன்று உடம்புகளை இயக்குகின்றன. முதல் முனை இதே கட்டிடத்தின் மாடியில், அலுவலகத்தில். இரண்டாம் முனை வீட்டில். மூன்றாம் முனை இங்கே, முறத்தோடு.

இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வடிவமைத்தவளே அவள்தான். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் தொலைபேசிக் கோபுரங்களுக்கு மின்வழங்கி செய்துகொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வோல்ட் உள்ளே போகும்; கணிப்பொறிச் சில்லுக்கு ஐந்து, விசிறிக்குப் பன்னிரண்டு என்று பிரிந்து வெளியே வரும். மனித உள்ளத்தின் ஓட்டமும் நேர்மின்னோட்டம் போலத்தான் நடந்துகொள்கிறது என்று யாரோ கண்டுபிடித்தபோது, நிறுவனம் மருத்துவரைத் தேடவில்லை. அவளைத் தேடி வந்தது. கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒன்பது வயதுப் பெண் பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருப்பாள். இரண்டு இடத்திலும் இருக்க முடிந்தால் என்று பூங்கோதை ஏங்காத நாள் இல்லை. அந்த ஏக்கத்தில் கை வேகமாக வேலை செய்தது. முதல் பத்துப் பேரில் ஒருத்தியாகத் தன்னையே பிரித்துக்கொண்டாள். ஒப்பந்தம் பதினைந்து ஆண்டு. இடையில் ஊற்றை எழுப்ப முடியாது.

மூன்றாம் சுற்று எதற்காக என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. கருவகத்தில் இடம் இருந்தது, சுற்றினார்கள். ஆனால் சுமை இல்லாத முனை, அதாவது வேலை இல்லாத முனை, சும்மா இருக்காது, அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நாமக்கல் பக்கம் ஒருவரின் மூன்றாம் முனையை ஓர் அறையில் வேலை ஒன்றும் கொடுக்காமல் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தன் வாழ்நாளில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக விவரிக்கத் தொடங்கி, ஒன்பது நாள் விடாமல் பேசி, எரிந்து நின்றுபோனார். அதன் பிறகுதான் நிறுவனம் பூங்கோதையைக் கேட்டது. பழைய மின்வழங்கிகளில் வேலையில்லாத முனைக்குக் குறுக்கே ஒரு தடையைப் பற்றவைப்போம், அது சும்மா சூடாகிக்கொண்டு முனையை அடக்கி வைத்திருக்கும் என்று அவள் சொன்னாள். வெறுஞ்சுமை. மனிதருக்கு அப்படி ஒரு வேலை வேண்டும்: கண்ணும் கையும் ஓய்ந்துவிடாமல், மனதை எதுவும் கேட்காமல். விடுதியில் படித்த காலத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியது அவளுக்கு நினைவு வந்தது.

தன் யோசனையின் மேல் தானே வந்து உட்கார்ந்து மூன்றாண்டு ஆகிறது என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். குறை ஒன்றும் சொல்ல முடியாது. யாரும் எதுவும் கேட்பதில்லை. கை அரிசியில் இருக்கும்போது மனம் தன் போக்கில் தெளிந்துகொண்டே போகும். பழைய வீடு, கணவரின் தும்மல், மகளின் முதல் சொற்கள், எல்லாம் விளிம்பு மழுங்காமல் இருந்தன. ஊற்றிலிருந்து வருவதில் கலங்காத பங்கு தனக்குத்தான் வருகிறதோ என்று அவளுக்குச் சில நேரம் கூச்சமாகக்கூட இருக்கும்.

மகள் நறுமுகை வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். பதினேழு வயது. பேருந்துக் குளிர் இன்னும் கன்னத்தில் இருந்தது. அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் பூங்கோதைக்கு ஒன்று இடறும். ஒரு ஞாயிறு பல்லில் கம்பியோடு வந்தவள் அடுத்த ஞாயிறு கம்பி இல்லாமல் வந்தாள், முகமே நீண்டுபோய். ஒரு வாரத்தில் எப்படி என்று நினைத்தாள். கேட்கவில்லை.

"அவ எப்படி இருக்கா?" என்றாள் பூங்கோதை.

"எப்பவும் போலதான். நாற்காலியில உக்கார வெச்சு, சிலிண்டரை மூடிட்டு வந்தேன்."

வீட்டில் இருப்பவளைப் பற்றி அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், சுகமில்லாத உறவுக்காரியைப் பற்றிப் பேசுவது போல. ஞாயிறுகளில் அவள் மங்கிவிடுவாள். சொன்னதைக் கேட்க அரை நிமிடம் ஆகும். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருப்பாள். மகளைப் பார்ப்பாள், பார்வை வந்து சேராது. மங்கியிருந்த நாட்களும் அவற்றுக்கு முந்தைய சில நாட்களும் பிறகு அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை ஏறத் தொடங்கினால்தான் வீட்டில் அம்மா மெல்லத் தெளிவாள். காலாண்டுக் கடைசியில், அலுவலகம் கொதிக்கும்போது, அவள் பாட்டுக்கூடப் பாடுவாள்.

காரணம் மிக எளிது. எவ்வளவு இறைப்பது என்று அறிய, பங்கீட்டி மூன்று முனையில் ஒன்றின் மேல்தான் கண் வைக்க முடியும். கண் எந்த முனையைப் பார்க்கிறதோ அது மட்டும் இம்மியும் பிசகாது. அங்கே சுமை கூடினால் பங்கீட்டி தம் பிடித்து அதிகம் இறைக்கும், மற்ற முனைகளுக்கும் அதில் பங்கு வரும். அங்கே சுமை குறைந்தால் இறைப்பது குறையும், மற்றவை எத்தனை தவித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கருவகம் கீச்சென்று அழத் தொடங்கும். கண்ணை எங்கே வைப்பது என்று வடிவமைப்புக் கூட்டத்தில் கேட்டார்கள். வழக்கம் போல முதல் முனையில் என்றாள் பூங்கோதை, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. பதினெட்டு ஆண்டுகளாக அவள் சில்லுக்குத்தான் கண் வைத்தாள். விசிறிக்கு யார் கண் வைப்பார்கள்?

நகரம் முழுவதும் இப்படித்தான் ஆயிற்று. விடுமுறைகளில் வீடுகள் மங்கின. முதலில் மக்கள் தங்கள் அலுவலக முனைகளுக்கு ஞாயிறுகளில் பொய் வேலை கொடுத்துப் பார்த்தார்கள்: முடிந்த கணக்கைத் திரும்பப் போடு, பழைய வரைபடத்தில் பிழை தேடு. பலிக்கவில்லை. பிசகாத முனை பொய்ப் புதிரை ஒரு பார்வையில் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு மறுபடி கை கட்டி உட்கார்ந்துகொள்ளும்.

"புதன்கிழமை போகி," என்றாள் நறுமுகை. "அன்னைக்கு மூடினா ஞாயிறு வரைக்கும் ஆபீஸே இல்லையாம். அஞ்சு நாள்."

பூங்கோதையின் கை நின்றது.

"போன மாசம் ரெண்டு நாள் லீவுக்கே பால் பாத்திரத்தைக் கையால பிடிச்சிட்டு அப்படியே நின்னா. தோல் வெந்துட்டிருக்கு, அவளுக்குத் தெரியல. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். அஞ்சு நாள்ல என்ன ஆகுமோ தெரியல." அவள் முறத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். "நீ வாயேன். அவ இங்க உக்காரட்டும்."

இதைக் கேட்பதற்காகத்தான் மூன்றாண்டு காத்திருந்தது போல பூங்கோதையின் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. வீடு. சமையலறை ஜன்னலில் விழும் வெயில். பொங்கல் அன்று மஞ்சள் கொத்து கட்டிய பானை. இந்தப் பெண்ணின் தலையில் எண்ணெய் வைத்து நிதானமாகச் சீவிவிடலாம்.

கூடத்தின் கதவு திறந்தது. அலுவலக முனையான முதலாமவள் வந்தாள்.

அதே முகம்தான். ஆனால் அந்த முகத்தில் எதுவும் முன்பின்னாக இல்லை. புடவை மடிப்பு, நடை, மூச்சு, எல்லாம் ஒரே அளவு. அவள் கடந்துபோனபோது கல் பொறுக்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தார்கள். தணிகாசலம் எழுந்து நின்றார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பூங்கோதைக்கு முன்னால் ஒரு படிவத்தை வைத்தாள்.

"பொண்ணு விண்ணப்பம் கொடுத்திருக்கா. இடமாற்றம். உரிமையாளர்ங்கிற முறையில நான் கையெழுத்து போட்டாச்சு. நீயும் போடணும்."

"நான் போடலன்னா?"

"காரணம் எழுதணும். காரணம் சரியா இருந்தா கோப்பை மூடிடுவேன். இல்லன்னா வடிவமைப்புப் பிரிவு அஞ்சு நாளைக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுதணும். விடுமுறைன்னு விட முடியாது. வடிவமைப்புப் பிரிவுன்னா நான்தான்." அவள் குரலில் சலிப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை. "சம்மதம்னா பத்து நிமிஷ வேலை."

பூங்கோதை படிவத்தைக் கையில் எடுத்தாள். மூன்றாம் முனை வீட்டுக்கு. இரண்டாம் முனை கூடத்துக்கு. போகியன்று காலை. அதற்குக் கீழே ஒரு சிறிய கட்டம்: இது எத்தனையாவது மாற்றம். அதில் முதலாமவளின் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது.

மூன்றாவது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். நறுமுகை முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதுக்குள் கீச்சொலி ஊசி போலத் துளைத்தது. பூங்கோதை தன் இடது மணிக்கட்டைத் திருப்பினாள். பிறை போல ஒரு தழும்பு அங்கே மினுங்கியது. பற்றவைப்புக் கோல் சுட்டது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த உடம்பு செய்யப்பட்ட உடம்பு. இது ஒருநாளும் பற்றவைப்புக் கோலைப் பிடித்ததில்லை.

"நான் வந்திருக்கேனா?" என்றாள்.

"போன பொங்கலுக்கு." மகளின் குரல் சின்னதாக வந்தது. "அஞ்சு நாளும் நல்லா இருந்தம்மா. கோலம் போட்டோம். நீ அப்பா கதையெல்லாம் சொன்ன. அதுக்கப்புறம் நீயும் அவளை மாதிரியே ஆயிட்ட. ஆடி மாசம் வரைக்கும் இருந்த. அதுக்குள்ள இங்க அவ தெளிஞ்சுட்டா. அதனால அவளைக் கூட்டிட்டுப் போயி, உன்னை இங்க விட்டுட்டேன்."

ஆக, பல் கம்பி கழன்றது ஒரு வாரத்தில் அல்ல. நடுவில் ஆறு மாதம் இருந்திருக்கிறது. அந்த ஆறு மாதமும் அவள் அந்த வீட்டில் நடந்திருக்கிறாள், சமைத்திருக்கிறாள், இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறாள், ஒன்றுமே பதியாமல். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளும் ஒரு காலத்தில் இதே முறத்தின் முன் உட்கார்ந்து, இந்தத் தேய்ந்த கல்லைப் பார்த்து, கலங்காத பங்கு தனக்குத்தான் வருகிறது என்று நினைத்திருப்பாள்.

இதில் அவளுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஒவ்வொரு முனையின் வாயிலும் ஒரு தேக்கி உண்டு. ஓட்டம் தளர்ந்தாலும் தேங்கியது கொஞ்ச நேரம் தாங்கும். மின்வழங்கியில் அது கண் சிமிட்டும் நேரம். மனிதருக்கு, தேக்கி நிறைந்திருந்தால், ஐந்து நாள். கல் மட்டும் பொறுக்கும் முனையில் அது நிறைந்துகொண்டே இருக்கும்; வீட்டில் முழுதாக நிறைவதே இல்லை. மகள் வடிவமைப்பு எதுவும் படிக்காமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஓர் அம்மாவை வற்றும்வரை வைத்துக்கொண்டு, நிறைந்த இன்னோர் அம்மாவை எடுத்துப்போக வந்திருக்கிறாள். பேட்டரி மாற்றுவது போலத்தான். ஆனால் பேட்டரிக்கு யாரும் பேருந்தேறி ஞாயிறுதோறும் வருவதில்லை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வருவியா?"

முதலாமவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

பூங்கோதை அவளை நேராகப் பார்த்தாள். "கண்ணை மாத்தி வெச்சா என்ன? வீட்டு முனையில வெக்கலாமே. ஒரு கம்பியை எடுத்து இன்னொரு இடத்துல பற்றவெக்கிற வேலைதானே."

"பரிசீலிக்கிறேன்," என்றாள் முதலாமவள்.

"முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களா?"

"நீ கேட்டிருக்க. அவளும் கேட்டிருக்கா. ரெண்டு தடவையும் பரிசீலிக்கிறேன்னு சொன்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. மறைக்கவும் வராது. எவ்வளவு தள்ளினாலும் அதே மட்டத்துக்குத் திரும்பி வருவதற்காகத்தான் அவளைச் செய்தது. கண்ணை நகர்த்தும் அதிகாரம் உள்ளவள் அவள் ஒருத்திதான். கண் தன் மேல் இருக்கும்வரை நகராதவளும் அவள்தான். இப்படி ஒரு பூட்டைச் செய்து சாவியை உள்ளேயே வைத்து மூடியவள் யார் என்று பூங்கோதை நினைத்துப் பார்த்தாள். சிரிப்புக்கூட வந்தது.

"அஞ்சு நாள் போதும்மா," என்றாள் நறுமுகை. அவள் அழவில்லை. கணக்குப் போட்டு முடித்தவளின் குரல் அது. "அப்புறம் நீ எப்படி ஆனாலும் நான் பாத்துக்குவேன். போன தடவையும் நான்தானே பாத்துக்கிட்டேன்."

பூங்கோதை பேனாவை வாங்கினாள். சம்மதம் என்ற கட்டம் இடது பக்கம் இருந்தது, மறுப்பு வலது பக்கம். அஞ்சு நாள். மகளின் தலைமுடி அத்தனை அருகில் இருந்தது, தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. போனால் ஐந்து நாளும் அவள் முழுதாக இருப்பாள். ஆறாம் நாள் மங்கத் தொடங்குவாள். இங்கே இன்னொருத்தி தெளிவாள், ஆடியில் இவள் திரும்பி வருவாள், அடுத்த தையில் மறுபடி போவாள். இது ஓடிக்கொண்டிருக்கும் வரை யாரும் எதையும் சரிசெய்யப் போவதில்லை. போகாவிட்டால், வீட்டில் அடுப்பின் அருகே ஒருத்தி ஐந்து நாள் அணைந்து நிற்பாள்.

அணைந்துதான் நிற்க வேண்டுமா?

அவள் வலது பக்கக் கட்டத்தில் குறியிட்டாள். காரணம் என்ற இடத்தில் நான்கு கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் பேனாவைக் கொண்டுபோய், ஒரு புள்ளிகூட வைக்காமல் எடுத்து, மூடியைத் திருகினாள்.

நறுமுகை படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்கிறியா?"

வாய் வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம், அல்லது ஒரு கண்ஜாடை போதும், பெண் புரிந்துகொள்வாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் அதே கண்கள், அதே ஜாடைகள். விடை தெரிந்த புதிரை அவள் ஒரு கணத்தில் ஒதுக்கிவிடுவாள். பூங்கோதை தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று.

மகள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியைத் தட்டிவிட்டாள். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று எப்போதும் சொல்வாள். இன்று சொல்லவில்லை. முந்நூற்று நாற்பது குனிந்த தலைகளுக்கு நடுவே அவள் நடந்துபோவதைத் தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியது.

முதலாமவள் போகவில்லை.

"காரணம் எழுதல."

பூங்கோதை முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு அங்க போக ஆசை இருக்கு. படிவத்தைப் படிக்கும்போது உன் மூச்சு மாறினதைக் கவனிச்சேன். ஆசை இருந்தும் மறுத்திருக்க. பயம்னு வெச்சுக்கிட்டா, நீ பயப்படுறவ இல்லன்னு எனக்குத் தெரியும். கோபம்னா, அது அவமேலயா, எம்மேலயா?" அவள் நாற்காலியைச் சற்று முன்னால் நகர்த்தினாள். நெற்றியில் முன்பு இல்லாத ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. "தியாகம்னும் சொல்ல முடியாது. அதுல பொண்ணுக்கு ஒரு லாபம் இருக்கணும். இங்க அவளுக்கு நஷ்டம். எனக்குள்ள இருக்கிறதுதான் உனக்குள்ளயும் இருக்கு. அப்படி இருக்க, இது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அரிசிக்குள் விரல்கள் போய் வந்தன. ஒரு கல். இன்னொன்று.

அப்போதுதான் பூங்கோதை கவனித்தாள். கீச்சொலி தணிந்துகொண்டிருந்தது. ஊசியாக இருந்தது நூலாகி, நூல் இழையாகி, பிறகு எதுவுமே கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நடுவே காது இப்படி நிசப்தமானதை அவள் அறிந்ததில்லை. மூவருக்கும் ஒரே கருவகம். முதலாமவளுக்கும் அது கேட்காமல் போயிருக்கும். பொய்யில்லாத ஒரு புதிர் சுமையாக ஏறியதில் அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கைப்பையிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, எழுதத் தொடங்கியிருந்தாள்.

எங்கோ ஒரு வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கியிருக்கக்கூடும். ஜன்னலில் வெயில் வந்திருப்பதைப் பார்த்திருக்கக்கூடும். பெண் எங்கே என்று எழுந்து தேடியிருக்கக்கூடும். பேருந்தில் இங்கிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம்.

"எங்கிட்டயாவது சொல்லு," என்றாள் முதலாமவள். அந்தக் குரல் முதல்முறையாக ஒரு நூலளவு கீழே இறங்கி, உடனே தன் மட்டத்துக்குத் திரும்பியது. "வேற யாருக்கும் தெரியவேணாம். நமக்குள்ள இருக்கட்டும்."

பூங்கோதை நிமிரவில்லை. குவளையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, மெல்லத் தலையசைத்து மறுத்துவிட்டு, அடுத்த கல்லைத் தேடினாள்.